பாடபேதம்

ரோட்டர்டாமில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வரும்.
ஏழாம் மாடி. ஜன்னலோரம் என் மேசை,
ஒரு திரை, ஆறிய காபி.
கோப்பு எண் 2291.
ஒன்பது வருடத்துக்கு முன் அதில்
நான்தான் கையெழுத்திட்டிருக்கிறேன்:
வீட்ஸ்கே டெர்ப்ஸ்ட்ரா.
அப்போது என் கையெழுத்து நிமிர்ந்து நின்றிருக்கிறது.

ஆர்லிண்டா ஃபோர்ட்டிஸ், வயது முப்பத்து நான்கு.
பிறந்தது கேப் வெர்டே, மிண்டேலோ.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
ஒருமுறை மேலேயே மயங்கிச் சாய்ந்தார்.
காரணம் தேடிப் போனவர்கள் கையில் இது அகப்பட்டது:
இதயத் தசையைப் பின்னும் மரபணுவில்
சி இருக்க வேண்டிய இடத்தில் டி.
முந்நூறு கோடி எழுத்தில் ஒன்று.

ஒப்பிட என்னிடம் ஏடுகள் இருந்தன,
அறுபதாயிரம் பேருடையவை.
புரட்டினேன். எவரிடமும் அந்த டி இல்லை.
இல்லாததையெல்லாம் பிழை என்று
படிக்கப் பழகியிருந்த காலம்.
"நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்"
என்று தட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.
'கூடும்' எப்போது உதிர்ந்ததோ
எனக்குத் தெரியாது.
மருத்துவரின் கடிதத்தில் அது இல்லை.

அறுபதாயிரம் ஏடு!
ஏறக்குறைய எல்லாம்
ஒரே தெருவில் படியெடுத்தவை.

போன மாதம் புதிய தொகுப்பு வந்தது.
சாவோ விசென்டே தீவிலும் பிசாவிலும்
வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்து
யாரோ எச்சில் சேகரித்திருக்கிறார்கள்.
நூற்றில் மூன்று பேருக்கு அந்த டி.
எண்பத்தொரு வயதில் வலை இழுப்பவருக்கு.
ஒன்பது பெற்றவளுக்கு.
தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்று என
இரண்டு டி வாங்கிக்கொண்டு
மலையேறித் தண்ணீர் விற்கும் ஒருத்திக்கு.
ஸ்கேன் அறிக்கையில் அவள் இதயத்தை
'இயல்பு' என்று இரண்டு தடவை எழுதியிருந்தார்கள்,
எழுதியவருக்கே நம்பிக்கை வராததுபோல்.

பிழை இல்லை. பாடபேதம்.
அந்தக் கரையில் இப்படியும் எழுதுவார்கள்.

ஒரு சொடுக்கு. சிவப்பு, பச்சையானது.
பேச வேண்டியவர் ஆலோசகர்;
அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க
நானே பேசினேன்.

"பையனுக்குமா?" அதுதான் முதல் கேள்வி.
ஆம், எடெருக்கும்.
அந்தப் பக்கம் இரைந்தது காற்றா, எந்திரமா.
"பதினோரு வயதில் நிறுத்தினோம்.
பயிற்சியாளரிடம் நானே போய்ச் சொன்னேன்.
புது பூட்ஸ், முப்பத்தாறாம் அளவு,
ஒரே ஒரு சனிக்கிழமை போட்டான்.
இப்போது அவன் கால் நாற்பத்து நான்கு.
டிராம் ஓட்டுகிறான், உட்கார்ந்து."

'அன்று எங்களிடம் இருந்த தரவுகளின்படி'
என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

"அப்படியானால் நான் மயங்கினேனே, அது?"
தெரியவில்லை என்றேன்.
அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டிருந்தீர்களா?
சிரித்தார், அல்லது சிரிப்பு மாதிரி ஒன்று.
"இரட்டை ஷிஃப்ட். முந்தின இரவே ஒன்றுமில்லை.
ஒன்பது வருடத்தில்
இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை."

பிறகு:
"எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது யார்?"
உங்கள் தீவுக்காரர்கள்தான். நானூறு பேர்.
பெயர் இருக்காது, எண்கள் மட்டும்.
ஒருவர் எண்பத்தொன்றிலும் வலை இழுக்கிறார்.
"எந்தத் துறையில்?"
அது எங்களுக்குத் தெரியாது.
"சலமான்சாவாக இருக்கும்" என்றார் தனக்குள்.
"அங்கேதான் கிடையில் விழமாட்டார்கள்."
எச்சில் துப்பச் சொன்னபோது அந்த ஆள்
கட்டாயம் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார் என்றார்.
நன்றி சொல்லவில்லை.
திட்டவுமில்லை. வைத்துவிட்டார்.

ஆலோசகர் காபி எடுத்துவரப் போனார்.
நான் அந்த முப்பத்தாறைக்
காகிதத்தில் எழுதி, கிறுக்கி அடித்தேன்.

கோப்பு எண் 2292.
பாராமரிபோவில் பிறந்தவர்.
ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
படியேறினால் மூச்சு வாங்குகிறதாம்.
ஏடுகளைப் புரட்டினேன், எவரிடமும் இல்லை.
'தெரியவில்லை' என்று தட்டினேன்.
அதன் கீழே நானே கோடு போட்டேன், தடியாக.
ஓரத்தில், மருத்துவருக்கு:
எத்தனை மாடி,
கையில் என்ன சுமை என்று கேட்கவும்.